மிச்ச நூலில் ஒரு போன்சோ



மலைப்பகுதியில் இருக்கிற நமக்கு ஸ்வெட்டர், குல்லா பின்னுவது புதுசு இல்லை. பின்னி முடித்ததும் ஆளுக்கு 50, 100 கிராம் உல்லன் நூல் மிச்சமாகும். தனியாக இருந்தால் ஒரு ஸ்வெட்டருக்குக்கூட அது காணாது. குழுவாகச் சேர்த்தால் காணும். நம்ம சேமிப்பு மாதிரிதான் இதுவும்.

இதற்கு ஏற்றது போன்சோ. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வைச் சட்டை இது. கை கிடையாது, அதனால் அளவுப் பிரச்சினையும் குறைவு.

நூலைப் பிரிப்பது எப்படி?

பென்சிலில் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். 1 அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் ஒரே தடிமன். ஒல்லி நூலை இரண்டு இழையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சின்னத் துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான உருண்டையானால் அக்ரிலிக். இரண்டையும் ஒரே போன்சோவில் கலக்க வேண்டாம். சுடுதண்ணீரில் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. துணி கோணிப் போகும்.

செய்முறை

1. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 400 கிராம் நூல் வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் எடை போட்டு இரண்டு சம பாகமாக்குங்கள். அப்போதுதான் இரண்டு துண்டும் ஒன்றுபோல் வரும்.
2. 5 மி.மீ. குரோஷே ஊசியில் 18 அங்குல அகலத்துக்குச் சங்கிலி போட்டு, 30 அங்குல நீளம் வரை பின்னுங்கள். இதுபோல் இரண்டு துண்டு வேண்டும்.
3. நிறம் மாற்றும்போது பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியைப் புது நூலால் இழுத்து முடியுங்கள். 4 அங்குல வால் விட்டு, அதன் மேலேயே பின்னினால் முடிச்சு தெரியாது.
4. ஒரு துண்டின் பின்னல் முடிந்த ஓரத்தை, மற்றதின் நீளப் பக்கத்தில், பின்னல் ஆரம்பித்த மூலையிலிருந்து வைத்துத் தைக்க வேண்டும். மற்ற துண்டையும் அதேபோல் இதனோடு தைக்க வேண்டும். ஒன்றில் இடது பக்கம் என்றால் மற்றதிலும் இடது பக்கம்தான். முதலில் காகிதத்தில் செய்து பாருங்கள், சட்டென்று புரியும். தைக்காமல் மிஞ்சும் 12 அங்குலமும் 12 அங்குலமும் சேர்ந்து 24 அங்குலக் கழுத்தாகும்.
5. கழுத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் ஒரே நிறம் கொடுங்கள். பல நிறமும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும்.

விலை போடும்போது

மிச்ச நூல்தானே என்று சும்மா விடக் கூடாது. யார் எத்தனை கிராம் கொடுத்தார் என்று நோட்டில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, கிலோ 600 ரூபாய் நூலுக்குப் பாதி விலை வைத்தால் 400 கிராமுக்கு 120 ரூபாய். 16 மணி நேர வேலைக்கு மணிக்கு 40 ரூபாய் வீதம் 640. மொத்தம் 760 ரூபாய். அதற்குக் கீழே விற்றால் நம்ம கூலியை நாமே தள்ளுபடி செய்கிறோம். அந்த விலை கிடைக்காவிட்டால் நம்ம பிள்ளைகளுக்கே போடலாமே! அவர்களுக்கு 12 அங்குல அகலமும் 23 அங்குல நீளமும் போதும்.

ஒரு எச்சரிக்கை: போன்சோ போட்டுக்கொண்டு அடுப்பு கிட்டே போகாதீங்க. தொங்குகிற துணியில் தீ பிடிக்கலாம். அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது பாஸ் புத்தகத்தோடு மிச்ச நூலையும் எடுத்து வாங்க!