கைகளும் ஊர்களும் – 9: பாணர் வீட்டுத் தூரிகை

கைவினைக் கண்காட்சிகளில் கோண்டு ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். கொம்பே மரமாகக் கிளைத்து நிற்கும் மான், உடம்பு முழுக்கப் புள்ளியும் கோடும் நிறைந்த மயில், வயிற்றுக்குள் இன்னொரு மீனைச் சுமக்கும் மீன். பக்கத்திலேயே 'தொன்மையான பழங்குடிக் கலை' என்று ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையில் பாதிதான் உண்மை. மண்சுவரில் வரையும் வழக்கம் பழையதுதான். ஆனால் காகிதத்திலும் கித்தானிலும் நாம் பார்க்கும் இந்த ஓவியத்துக்கு வயது நாற்பத்துச் சொச்சம். தொடங்கி வைத்தவர் ஒரு தனி மனிதர். பெயர் ஜங்கர் சிங் ஷ்யாம். ஊர், மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் இருக்கும் பாட்டன்கர்.

அவரைக் கோண்டு ஓவியர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். இன்னும் சரியாகச் சொல்வதானால் அவர் பர்தான். பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். யாழைத் தூக்கிக்கொண்டு புரவலன் வீடு தேடிப் போகும் பாணனைச் சங்கப் பாட்டில் படித்த நமக்கு இவர்களைப் புரிந்துகொள்வது எளிது. கையில் 'பானா' என்ற மூன்று நரம்பு வாத்தியம். வில்லால் இழைத்து வாசிப்பார்கள். ஒவ்வொரு பர்தான் குடும்பத்துக்கும் உரிய கோண்டு வீடுகள் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அங்கே போய், அந்த வீட்டின் குலவரலாற்றைப் பாட வேண்டும். சாஜா மரத்தில் உறையும் படாதேவ் என்ற பெருந்தெய்வத்தைப் பாடி எழுப்ப வேண்டும். கூலியாகத் தானியமும் துணியும் கிடைக்கும், வசதியான வீடு என்றால் மாடும் கிடைக்கும்.

கோண்டு அரசுகள் விழுந்தன. புரவலர்களே ஏழையான பிறகு பாணனுக்கு யார் அளப்பார்கள்? பாடியவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். 1960களின் தொடக்கத்தில் பிறந்த ஜங்கர், பள்ளியைப் பாதியில் விட்டு எருமை மேய்த்தார், பால் விற்றார். பாட்டு மட்டும் வீட்டில் இருந்தது. கூடவே 'டிக்னா'வும் இருந்தது. நம் வாசல் கோலம்போல, சாணமும் மண்ணும் மெழுகிய தரையிலும் சுவரிலும் பெண்கள் போடும் வடிவக் கோடுகளுக்கு அங்கே டிக்னா என்று பெயர். செம்மண், வெள்ளை மண், மஞ்சள் மண், அடுப்புக்கரி, இவ்வளவுதான் வண்ணம்.

1981ல் போபாலில் பாரத் பவன் கட்டப்பட்டுக் கொண்டிருந்தது. அதன் ஓவியப் பிரிவான ரூபாங்கரின் பொறுப்பு ஜெ. சுவாமிநாதனிடம். தமிழ்க் குடும்பத்தில் சிம்லாவில் பிறந்து வளர்ந்தவர், தாமே பெரிய ஓவியர். நகரத்து ஓவியர்களின் படங்களை மட்டும் மாட்டிவிட்டு அதை இந்தியக் கலை என்று சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. இளம் ஓவியர்களைக் குழு குழுவாகக் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படி பாட்டன்கருக்குப் போன குழுவின் கண்ணில் ஒரு வீட்டுச் சுவர் பட்டது. வரைந்தவன் யார் என்று விசாரித்தார்கள். பையனைப் போபாலுக்கு அழைத்து வந்தார்கள்.

பளிச்சென்ற போஸ்டர் வண்ணத்தில் முதன்முதலாகத் தூரிகையைத் தோய்த்தபோது உடம்பே சிலிர்த்துப் போனதாக ஜங்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மண் நிறங்களோடு வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பச்சையும் ஊதாவும் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வண்ணம் மாற்றியது அன்று. கோண்டு தெய்வங்களுக்குச் சிலையோ படமோ வழக்கத்தில் இல்லை. மரத்தடியில், மேட்டில், பாட்டில் இருந்தார்கள். ஜங்கர் அவர்களுக்கு முகமும் உடம்பும் கொடுத்தார். எந்தக் கோயில் சிற்பத்தைப் பார்த்தும் அவர் படி எடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த வர்ணனையைக் கை பிடித்துக்கொண்டது. பாட வீடில்லாமல் போன பாட்டு, விரல் வழியாக வெளியே வந்தது என்றே நான் நினைக்கிறேன். அவர் உருவங்களுக்குள் நெருக்கமாக ஓடும் புள்ளி வரிசைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரே சீராக ஓடும், திடீரென்று திசை மாறும், மறுபடி பழைய இடத்துக்கே வரும். பல்லவியைத் தொட்டுத் தொட்டு நீளும் கதைப்பாட்டின் நடை அது. எழுத்தாளர் உதயன் வாஜ்பாயி இந்தப் பாணிக்கு 'ஜங்கர் கலம்' என்று பெயரிட்டார். மிகப் பொருத்தமான பெயர். இனத்தின் பெயரைச் சொல்லி ஆளை மறைக்காத பெயர்.

1989ல் பாரிஸின் பாம்பிடூ மையத்தில் நடந்த 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இருந்தன. போபாலில் சார்லஸ் கொரியா வடிவமைத்த சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களில் வரைந்தார். ஊரிலிருந்து தம்பி, மருமகன், மைத்துனன் என்று உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் வீட்டில் தங்கினார்கள். உருவத்தை ஜங்கர் வரைவார், உள்ளே புள்ளியும் கோடும் நிரப்புவது அவர்கள் வேலை. அங்கே பழகி, பிறகு தத்தமக்கென்று ஒரு நிரப்பு வடிவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு தனியே வந்தார்கள். இன்று விவரம் தெரிந்தவர்கள் கையெழுத்தைப் பார்க்காமலேயே, உள்ளே ஓடும் வடிவத்தை வைத்து இது இன்னார் படம் என்று சொல்லிவிடுவார்கள்.

2001 ஜூலையில், ஜப்பானின் நீகாட்டா பகுதியில் உள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்த ஜங்கர், அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊர் திரும்பும் ஏக்கம் வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களில் இருந்தது. நாற்பது வயதை ஒட்டிய மனிதர். உலகம் கொண்டாடிய ஒரு கலைஞரை அந்நிய நாட்டில் தனியே விட்டுவிட்டோமே என்று இந்தியக் கலையுலகம் அன்று பதறியது. அந்தப் பதற்றம் நீடித்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

அவரிடம் நிரப்பு வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் பஜ்ஜு ஷ்யாம். போபாலில் இரவுக் காவலாளியாகவும் மின்வேலைக்காரராகவும் இருந்தவர். 2002ல் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் வரைய லண்டன் போனார். பார்த்ததை எல்லாம் பிறகு படமாக்கினார். சென்னைத் திருவான்மியூரின் தாரா பதிப்பகம் அதை 2004ல் 'லண்டன் ஜங்கிள் புக்' என்று நூலாக்கியது. அதில் பிக் பென் கோபுரமும் ஒரு சேவலும் ஒன்றாகக் கலந்து நிற்கும். கோண்டு ஊரில் நேரம் சொல்வது சேவல், லண்டனில் அந்த மணிக்கூண்டு. இரண்டும் ஒரே வேலை. தினமும் தவறாமல் வந்து ஏற்றிக்கொண்டு போகும் 30ஆம் எண் பேருந்து, நன்றியுள்ள நாயாக நிற்கும். மாலையில் மதுக்கடைகளில் கூடும் வெள்ளைக்காரர்கள் வௌவால்கள். மேல்நாட்டைக் கண்டு மலைத்த தடயம் ஒரு பக்கத்தில்கூட இல்லை. பாணன் புது ஊருக்குப் போனான், பார்த்தான், தன் மொழியில் பாடினான். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதே மரபின் இன்னொரு ஓவியர் துர்காபாய் வியாம். தம் பாட்டியிடம் டிக்னா போடக் கற்றவர். அவரும் கணவர் சுபாஷும் சேர்ந்து, அம்பேத்கரின் வாழ்க்கையைச் சித்திரக் கதையாகச் சொல்லும் 'பீமாயணா'வை வரைந்தார்கள், 2011ல் வெளிவந்தது. ஆட்களைச் சதுரக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பக்கத்தைப் பிரிக்க டிக்னா வளைவுகளையே ஓட விட்டார்கள். மென்மையாகப் பேசுபவரின் சொற்கள் பறவை வடிவக் குமிழியில் வரும். சாதித் திமிரில் பேசுபவரின் குமிழிக்கு வால் தேள் கொடுக்கு. படிக்கத் தெரியாத குழந்தைகூட யார் வாயிலிருந்து விஷம் வருகிறது என்று கண்டுகொள்ளும். தண்ணீர் மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் கதைக்கு, எழுத்தறியாத ஒரு பெண்ணின் வாசல் கோடு இப்படிப் பயன்பட்டதை நினைக்க நெஞ்சு நிறைகிறது.

2023ல் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், ஊருக்கு ஒரு காப்பு. வரைந்த கைக்கு அது போதாது. தலையணை உறையிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சாகும் மானையும் மயிலையும் வரைந்தவர் யார் என்பது பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. 'பழங்குடிக் கலை' என்ற ஒற்றைச் சொல் அந்தத் திருட்டுக்கு வசதியான போர்வையாகிவிட்டது. பழையது, பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற எண்ணம்.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு கோண்டு ஓவியத்தைக் கையில் எடுத்தால், விலையைக் கேட்பதற்கு முன் வரைந்தவர் பெயரைக் கேளுங்கள். கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால், பெயர் தெரிந்த ஒருவரின் படத்தைத் தேடி வாங்குங்கள்.

(தொடரும்)