ஒன்றா, ஆறா, பத்தொன்பதா? டிஸ்பிராக்ஸியா கணக்கில் கோடு போடுவது யார்?

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள் போன்ற சலுகைகளுக்குப் பள்ளிகள் விண்ணப்பம் அனுப்பும் காலம் இது. மூணாறு, பள்ளிவாசல் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: கற்றல் குறைபாடு, அதிலும் கைகால் அசைவுகளை ஒருங்கிணைக்கச் சிரமப்படுத்தும் டிஸ்பிராக்ஸியா, எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது?

கொழுந்தெடுக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது. ஸ்வெட்டர் பொத்தானை எப்போதும் ஒரு துளை தள்ளியே மாட்டுகிறான். பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாள் கிழிகிறது. வாயால் கேட்டால் பதில் முழுசாக வருகிறது. “இதெல்லாம் நூற்றில் ஒருத்தருக்குக்கூட இருக்காது, உங்க பையனுக்குச் சோம்பல்” என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பது கற்பனை எண் அல்ல. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, பள்ளிப் பிள்ளைகளில் 0.8 சதவீதம் என்றது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்.-5 கையேடோ, 5 முதல் 11 வயதுவரை உள்ளவர்களில் 5 முதல் 6 சதவீதம் என்கிறது. கிரீஸில் ஓர் ஆய்வு 19 சதவீதம் என்றது; அதே ஆய்வில் கனடாப் பிள்ளைகள் 8 சதவீதம். நாட்டுக்கு நாடு பிள்ளைகளின் கைகால் இவ்வளவு மாறுமா?

மாறுவது பெரும்பாலும் அளவுகோல். சோதனையில் பாசி கோக்கச் சொல்வார்கள், குச்சியைத் துளையில் செருகச் சொல்வார்கள், வீசும் சிறு பையைப் பிடிக்கச் சொல்வார்கள், ஒற்றைக்காலில் நிறுத்துவார்கள். மதிப்பெண்ணுக்கு நேரடிப் பொருள் கிடையாது. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் இவன் எத்தனையாவது என்று பார்ப்பார்கள். கடைசி ஐந்து பேருக்குள் இருந்தால் கடுமையான சிரமம். கடைசி பதினைந்துக்குள் இருந்தால் கவனிக்க வேண்டியவர். ஆக, ‘ஐந்து சதவீதம்’ என்பதில் ஒரு பங்கு பிள்ளைகளிடம் கண்டுபிடித்தது அல்ல, கோடு போட்டபோதே உள்ளே வைத்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் இது பட்டவர்த்தனம். கடைசி ஐந்துக்குள் இருக்க வேண்டும், அன்றாட வேலையோ எழுத்தோ தடைபட்டிருக்கவும் வேண்டும் என்றபோது 1.8 சதவீதம். கோட்டைத் தளர்த்தி ‘இருக்கக்கூடும்’ என்பவர்களையும் சேர்த்தபோது 5 சதவீதத்தை நெருங்கியது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். அந்த வரிசையில் யாரை நிறுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். பரவலாகப் பயன்படும் சோதனை ஒன்றின் ஒப்பீட்டு அளவு பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்து எடுத்தது. லயத்துப் படிகளில் ஏறி இறங்கி வளரும், பாசியும் பந்தும் அதிகம் கைக்கு வராத பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்தினால் வரும் எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். 0.8ஐயும் அப்படித்தான். அதைக் காட்டி ஒரு தாயைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

அரசு போட்ட கோடு இன்னும் கவலை தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்பிராக்ஸியாவைப் பெயர் சொல்லிச் சேர்த்தது, நல்லது. ஆனால் சேர்த்த இடம், பேச்சு அல்லது எழுத்து மொழியைக் கையாளும் திறனில் குறை என்ற வரையறைக்குக் கீழே. மருத்துவக் கையேடோ இதை உடல் இயக்கக் கோளாறுகளில் வைக்கிறது. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டி, சான்றிதழுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைச் சொன்னது. அது முக்கியமாகப் பார்ப்பது வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம், பார்த்து வரைதல். ஓடுவதையும் பிடிப்பதையும் அல்ல. 2024இல் புது வழிகாட்டி வந்தது, சட்டத்தின் வரையறை மாறவில்லை. பெயர் பட்டியலில் இருப்பதாலேயே பிள்ளை கணக்கில் வந்துவிட்டது என்று அதிகாரிகள் சொன்னால் ஏற்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்றது. அந்தப் படிவத்தில் கற்றல் குறைபாட்டுக்குத் தனிக் கட்டமே இல்லை.

மற்ற கேள்விகள்:

வாசிப்பு, எழுத்து, கணக்குக் குறைபாடு எவ்வளவு? டி.எஸ்.எம்.-5 சொல்வது 5 முதல் 15 சதவீதம். எர்ணாகுளத்து ஆய்வொன்றில் 16ஐத் தாண்டியது, பெல்காமில் 15.

இதுவும் டிஸ்பிராக்ஸியாவும் சேர்ந்து வருமா? அடிக்கடி வரும், கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறும் கூடவே இருக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு? உண்டு, அமைதியாக இருப்பதால் கண்ணில் படாமல் போகிறார்கள்.

வளர்ந்தால் சரியாகுமா? பாதிக்கு மேற்பட்டோருக்கு வளரிளம் பருவத்திலும் தொடர்கிறது.

மருந்து? கிடையாது. பொத்தான் மாட்டத் தெரியாவிட்டால் பொத்தான் மாட்டவே படிப்படியாகப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை உண்டு.

எப்போது சான்றிதழ்? 2018 வழிகாட்டியில் எட்டு வயது முதல்தான் என்று இருந்தது. பள்ளியில் உதவி கேட்க அதுவரை காத்திருக்க வேண்டாம்.

யாரிடம் போவது? முதலில் பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடம். பாலக்காடு மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஷொர்ணூர் இக்கான்ஸ் நிறுவனமும் இருக்கிறது.

சோதனையைத் தமிழில் கேட்கலாமா? கட்டாயம் கேளுங்கள். தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்கு மலையாளத்தில் வாசிக்கக் கொடுத்தால் அளக்கப்படுவது பழகாத மொழி, குறைபாடு அல்ல. அறிக்கையில் எந்த மொழியில் சோதித்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.