வயதான கால்கள், ஓயாத வம்புகள்

ஐரோப்பா வழியனுப்பிவிட்ட நட்சத்திரங்களை இந்திய கால்பந்து கிளப்புகள் கைநீட்டி வரவேற்றன. அவர்களுடைய வயதையும் பழைய சர்ச்சைகளையும் வைத்து ரசிகர்கள் தொடங்கிய வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

மும்பை சிட்டி கிளப் 2014 செப்டம்பரில் நிகோலா அனெல்காவை ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு வயது 35. ஆறு மாதமாகக் கைவசம் கிளப் இல்லை. கூடவே ஒரு தண்டனை பாக்கி. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விதித்த தடை முழுதாக முடியாததால், அப்போதுதான் பிறந்திருந்த இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களில் அவர் இறங்க முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய குதிரை லாயத்தில் நிற்க, பந்தயம் தொடங்கிவிட்டது.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். மும்பையின் இளம் கால்பந்து ரசிகர்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியில் இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்த்து வளர்ந்தவர்கள். ஆர்சனலுக்கும் செல்சிக்கும் விசுவாசம் காட்டும் இவர்களுக்கு அனெல்கா அந்நியர் அல்ல. 1997-இல் பதினேழு வயதில் ஆர்சனலுக்கு வந்தவர். மறு ஆண்டே அந்த அணி லீக் பட்டத்தையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்து வென்றதில் அவருக்கும் பங்கு உண்டு. 2000-இல் ரியல் மாட்ரிட் அணியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2008-09 பருவத்தில் செல்சிக்காக 19 கோல்கள் அடித்து பிரீமியர் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற பெயர். பாதி இரவில் கண் விழித்துப் பார்த்த ஆள், நெருல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் நேரில் கிடைப்பார் என்றால் சும்மாவா?

அந்த ஆளிடம் இன்னொரு பட்டியலும் இருந்தது என்பதுதான் எதிர்க்கட்சியின் வாதம். கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர் என்று இங்கிலாந்து பத்திரிகைகள் அவரைத் தொடக்கத்திலேயே முத்திரை குத்தியிருந்தன. 2010 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவில் மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் ரேமோன் தொமெனெக்கோடு அவர் மோதினார். ஆடை மாற்றும் அறையில் அவர் பேசியதாகச் சொல்லப்பட்ட வசவு பிரெஞ்சு நாளேடு ஒன்றின் முதல் பக்கத்துக்கே வந்தது. அவர் ஊருக்கு அனுப்பப்பட்டார். அதைக் கண்டித்து மற்ற ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்தார்கள். பிரான்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அனெல்காவுக்கு 18 சர்வதேச ஆட்டங்களுக்குத் தடை விழுந்தது.

இதைக்கூட முன்கோபம் என்று தள்ளிவிடலாம். அடுத்தது அப்படியல்ல. 2013 டிசம்பர் 28-ஆம் தேதி லண்டனில் வெஸ்ட் ஹாம் அணிக்கு எதிராக வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியனுக்கு கோல் அடித்த அனெல்கா, ஒரு கையைக் கீழே நீட்டி மறு கையை மேல்தோளில் வைத்து ஒரு சைகை செய்தார். பிரான்சில் ‘கெனெல்’ எனப்படும் இந்தச் சைகையைப் பரப்பியவர் தியொதொனே என்ற நகைச்சுவை நடிகர். யூதர்களுக்கு எதிரான பேச்சுக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். நாஜி வணக்கத்தைத் தலைகீழாகக் காட்டுவது போன்றது என்று யூத அமைப்புகள் இந்தச் சைகையைக் கண்டித்தன. நண்பரான தியொதொனேவுக்குச் செய்த மரியாதை, அதிகார வர்க்கத்துக்கு எதிரானது, அவ்வளவுதான் என்று அனெல்கா விளக்கம் சொன்னார். விசாரித்த குழு அவர் யூத விரோதி என்றோ, யூத விரோதத்தைப் பரப்ப நினைத்தார் என்றோ முடிவு கட்டவில்லை. ஆனால் சைகை யூத விரோதத்தோடு பிணைந்தது என்று தீர்மானித்து ஐந்து ஆட்டத் தடையும் 80,000 பவுண்டு அபராதமும் விதித்தது. 2014 மார்ச்சில் கிளப்போடும் உறவு முறிந்தது.

இங்கிலாந்தில் இது மாதக்கணக்கில் தலைப்புச் செய்தி. இந்தியாவில் அவருடைய வயதைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசிய அளவுக்கு ரசிகர்கள் கெனெலைப் பற்றிப் பேசவில்லை. நூறு கோடிப் பேர் கேள்வியே பட்டிராத சைகைக்காக ஒருவரை எப்படி ஒதுக்குவது என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். தண்டனையை அனுபவித்த பிறகு மறுபடி தண்டிப்பது என்ன நியாயம் என்பது அவர்களுடைய இரண்டாவது கேள்வி. இரண்டாவதில் வலு இருக்கிறது. முதலாவதில் இல்லை. காரணம், அனெல்கா வந்திறங்கிய ஊர் மும்பை. கொங்கண் கரையில் நூற்றாண்டுகளாக வாழ்ந்து, மராத்தி பேசி, பம்பாயில் நிலைகொண்ட பெனெ இஸ்ரேல் யூதர்களின் ஊர். 2008 நவம்பரில் கொலாபாவின் நரிமன் ஹவுசில் பயங்கரவாதிகள் ஒரு யூத குருவையும் அவர் மனைவியையும் உள்பட ஆறு பேரைக் கொன்ற ஊரும் அதுதான். அந்தச் சைகையின் அர்த்தம் எங்கோ பாரிஸ் புறநகரில் மட்டும் செல்லுபடியாகும் என்று இங்கே சொல்வது கடினம்.

களத்தில் நடந்தது இரு கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் சாதகம். அக்டோபர் 12-ஆம் தேதி கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் நடந்த தொடக்க ஆட்டத்தில் மும்பை 0-3 என்று தோற்றது. ஒரு வாரத்தில், அனெல்கா இல்லாமலேயே, புனே சிட்டியை 5-0 என்று நொறுக்கியது. பிரேசிலைச் சேர்ந்த ஆந்த்ரே மோரிட்ஸ் அடித்த மூன்று கோல்கள் அந்த லீக்கின் முதல் ஹாட்ரிக். பிறகு வந்த அனெல்கா கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஃபிரீ கிக்கில் ஒரு கோல் அடித்து 1-0 வெற்றி தேடித்தந்தார். பந்தைத் தொடும் விதத்தில் பழைய கைவண்ணம், இல்லை கால்வண்ணம், தெரிந்தது. ஓட்டத்தில் தெரியவில்லை. மும்பை அரையிறுதிக்குப் போகவில்லை. 2015-இல் அவரே ஆட்டக்காரர்-பயிற்சியாளர் ஆனார். அப்போதும் போகவில்லை.

சர்ச்சைக்கு மும்பை தனி உரிமை கொண்டாட முடியாது. 2015-இல் புனே தேடிப்பிடித்தது ருமேனியாவின் அட்ரியன் முட்டுவை. வயது 36. செல்சியில் இருந்தபோது 2004-இல் கொக்கெயின் பயன்படுத்தியது பரிசோதனையில் தெரிந்து வேலையும் போய் ஏழு மாதத் தடையும் பெற்றவர். ஒப்பந்தத்தை மீறியதற்காக செல்சிக்கு 1.7 கோடி யூரோ நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2008-இல் ஃபிஃபா உத்தரவிட்டது. மறு ஆண்டு விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதிசெய்தது. புனேயும் அந்த ஆண்டு அரையிறுதியைப் பார்க்கவில்லை.

சென்னையின் கதை வேறு மாதிரி. அங்கே வந்தவர் மார்க்கோ மத்தராஸி. 2006 ஜூலை 9-ஆம் தேதி பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலிக்காகச் சமன் கோல் அடித்தவர் என்பதைவிட, ஜினெடின் ஜிடானிடம் மார்பில் தலைமுட்டு வாங்கியவர் என்றால்தான் ஊருக்கே தெரியும். ஜிடானின் சகோதரியை இழிவாகப் பேசியதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டவர். முட்டியவருக்கு மூன்று ஆட்டத் தடை என்றால் முட்டு வாங்கியவருக்கும் இரண்டு ஆட்டத் தடை கிடைத்த விசித்திர வழக்கு அது. 2014-இல் சென்னையின் எஃப்சிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அவர் அமர்த்தப்பட்டபோது வயது 41. இன்டர் மிலானை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜிடானைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய பட்டாளம் சென்னையிலும் உண்டு. வில்லனை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்களே என்று அவர்கள் முணுமுணுத்தார்கள்.

முணுமுணுப்பு நீடிக்கவில்லை. முதல் ஆண்டு லீக் சுற்றில் சென்னை முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் தோல்வி. 2015 டிசம்பரில் மழை வெள்ளம் சென்னையைப் புரட்டிப்போட, சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தை அணி புனேயில் ஆட வேண்டி வந்தது. அதிலும் கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் இறுதியாட்டம். முடிய சில நிமிடங்களே இருக்கையில் 1-2 என்று பின்தங்கியிருந்த அணி அடுத்தடுத்து இரண்டு கோல்கள் பெற்று 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. வெள்ளத்தில் நனைந்த ஊருக்கு அந்த ஆண்டு கிடைத்த ஒரே கொண்டாட்டம் அதுவாக இருக்கலாம். பெர்லினை அதற்குப் பிறகு யாரும் பெரிதாக ஞாபகப்படுத்தவில்லை. ஜெயித்தால் பாவம் கழுவப்பட்டுவிடுகிறது, தோற்றால்தான் பழைய கணக்கு தோண்டப்படுகிறது என்பதை அனெல்காவையும் மத்தராஸியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

வயதைப் பற்றிய வாதத்திலும் இதே சிக்கல். 39 வயதில் டெல்லி டைனமோஸுக்கு வந்த அலெசாண்ட்ரோ டெல் பியரோ அந்தப் பருவத்தில் அடித்தது ஒரே ஒரு கோல். 40 வயதில் கோவாவுக்கு வந்த ரொபேர் பிரெஸும் பழைய நிழலாகவே இருந்தார். ஆனால் 44 வயது கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் கேரளாவை 2014 இறுதியாட்டம் வரை கூட்டிப்போனார். 37 வயதில் மும்பைக்கு வந்த உருகுவேயின் தியேகோ ஃபோர்லான் கேரளாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். 2016 லீக் சுற்றில் மும்பை முதலிடம் பிடித்தது. ஓடித் திரிய வேண்டிய இடத்தில் ஆடியவர்களை வயது காட்டிக்கொடுத்தது. ஒரு ஃபிரீ கிக், ஒரு குறுக்குப் பாஸ், தற்காப்பில் ஓர் அதட்டல் இவற்றில் அனுபவம் கைகொடுத்தது. இத்தனைக்கும் 2014-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது போனது இந்தப் பெரிய பெயர்களில் எவருக்கும் அல்ல. கேரளாவுக்கு ஆடிய கனடாக்காரர் இயான் ஹ்யூமுக்கு.

பிறகு எதற்கு இந்தப் பெரிய பெயர்கள்? பதில் வணிகத்தில் இருக்கிறது. ரிலையன்ஸும் ஐஎம்ஜியும் ஸ்டார் தொலைக்காட்சியும் சேர்ந்து தொடங்கிய லீக்கில், ஒவ்வொரு அணிக்கும் விளம்பர முகமாக ஒரு ‘மார்கீ’ நட்சத்திரம் இருந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முகத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் விளம்பரம் வரும் என்ற கணக்கு. கூட்டம் வரவும் செய்தது. முதல் ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 2010-இல், மும்பையின் மஹிந்திரா யுனைடெட் தன் கதவைச் சாத்தியிருந்தது. மறு ஆண்டு பஞ்சாபின் பக்வாரா நகரத்து ஜேசிடி அணியும் கலைந்தது. இந்திய ஆட்டக்காரர்களை வளர்த்த இந்தக் கிளப்புகள் செத்தபோது காலி இருக்கைகள்தான் சாட்சி. அனெல்காவைக் காட்டியாவது இருக்கைகள் நிரம்பட்டுமே என்பது ஆதரவாளர்களின் மிக வலுவான வாதம்.

எதிர்வாதமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. நட்சத்திரம் வந்து போன பிறகு மிஞ்சுவது என்ன? முதல் மூன்று ஆண்டுகளில் களத்தில் இறங்கும் பதினோரு பேரில் ஆறு பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். கோல் அடிக்கும் முன்கள இடம் பெரும்பாலும் அவர்களுக்கே. 2015 மார்ச்சில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 173-ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதற்குக் கீழே அது போனதே இல்லை. அதே ஆண்டு நடந்த ஏலத்தில் சுனில் சேத்ரியை மும்பை 1.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த ஹாட்ரிக், லீக்கில் ஓர் இந்தியரின் முதல் ஹாட்ரிக். அந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அனெல்கா என்பதை இரு தரப்பும் தத்தம் வாதத்துக்கு எடுத்துக்கொண்டன.

மெல்ல மெல்ல விதிகள் மாறின. 2017-18 பருவத்திலிருந்து மார்கீ நட்சத்திரம் கட்டாயம் இல்லை. களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கை ஐந்தாகவும், 2021-22-இல் நான்காகவும் குறைந்தது. அந்த மாற்றத்தின் முதல் ஆண்டில் 36 வயதில் கேரளாவுக்கு வந்த பல்கேரியாவின் திமித்தார் பெர்பத்தோவ் ஒரே கோலோடு திரும்பினார். போகிற போக்கில் பயிற்சியாளர் டேவிட் ஜேம்ஸின் வியூகங்களைப் பகிரங்கமாகக் கேலி செய்துவிட்டுப் போனார். கொச்சி கலூர் அரங்கில் மஞ்சள் சட்டையில் திரண்ட ரசிகர்களுக்கு அதில் எந்தப் பக்கம் சேருவது என்றே புரியவில்லை.

வயதைப் பற்றிய வாதம் கடைசியில் வெளிநாட்டவரிடமிருந்து சொந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து விடைபெற்ற சேத்ரி, 2024-25 லீக்கில் 12 கோல்கள் அடித்ததும், 2025 மார்ச்சில் 40 வயதில் மறுபடி அழைக்கப்பட்டார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக கோலும் அடித்தார். நாற்பது வயதுக்காரரைவிட நன்றாக கோல் அடிக்க ஓர் இளைஞர்கூட இல்லையா என்று சிலர் வருந்தினார்கள். அதிகம் அடிப்பவர் ஆடட்டும், வயதுச் சான்றிதழ் எதற்கு என்று மற்றவர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இந்தியா இழந்தபோது இரு தரப்பும் சேர்ந்தே தலை குனிந்தன.

2025 ஜூலையில் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டவில்லை. பெங்களூர் எஃப்சி ஆகஸ்டில் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஆட்டங்கள் அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவே இல்லை. யாரை வாங்கலாம், யாரை வாங்கக் கூடாது என்று பதினோரு ஆண்டுகளாகச் சண்டை போட்ட ரசிகர்கள், வாங்குவதற்குக் கிளப் இருக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அனெல்கா காலத்தில் அவர்கள் போட்ட சண்டை அப்போது ஒரு சொகுசாகத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.