மீனைக் கொன்னது பாசி இல்ல பாஸ்!

தொட்டி வாங்கின முதல் வாரம் சூப்பர். ரெண்டு கோல்டு ஃபிஷ், நாலு மோலி, அடியில் கலர் கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி. வர்றவங்க போறவங்க எல்லாம் நின்னு பார்க்கிறாங்க. ரெண்டு மாசம் கழிச்சு? கண்ணாடி பூரா பச்சை. ''என்னடா, தெப்பக்குளத்தைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வெச்சிருக்கே?''னு அம்மா கேட்டதும் ரோஷம் வந்துடும். ஞாயித்துக்கிழமை தொட்டியைக் கொல்லைப்பக்கம் கவிழ்த்து, கல்லைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல காயவெச்சு, புதுத் தண்ணி ஊத்தி... பளபள! புதன்கிழமைக்குள்ள மீன் ஒவ்வொண்ணா மிதக்குது.

பழி பாசி மேல. ஆனா, ஆளைக் கொன்னது அந்த ஞாயித்துக்கிழமை சுத்தம்தான்.

மீனோட கழிவு, தின்னாம விட்ட தீனி ரெண்டுல இருந்தும் அம்மோனியா வருது. அது மீனுக்கு விஷம். அதை முதல்ல நைட்ரைட்டாகவும், அப்புறம் அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாத்துற பாக்டீரியாக்கள் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கு. சோப்பும் வெயிலும் காலி பண்ணினது அந்தக் கூட்டத்தை! அது திரும்ப வளர நாலைஞ்சு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே நீந்தணும். பாசியோ அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சி, வெளிச்சத்துல ஆக்சிஜனையும் விடுற ஜீவன். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

சரி, அசிங்கத்தை எப்படிக் குறைக்கிறது? விருதுநகர், சிவகாசி பசங்களுக்கு இது ஈஸியா புரியும். பாசிக்கு முதல் சாப்பாடு நைட்ரேட். நம்ம வெடியுப்பு இருக்கே, பொட்டாசியம் நைட்ரேட், அதே குடும்பம். அடுத்தது பாஸ்பேட். தீப்பெட்டி உரசுற பட்டையில இருக்கிற பாஸ்பரஸோட சொந்தக்காரர். தொட்டிக்குள்ள இவர் வர்றது பெரும்பாலும் மீன் தீனி வழியா. மூணாவது வெளிச்சம். மருந்து, திரி, நெருப்பு மூணும் சேர்ந்தாதானே பட்டாசு வெடிக்கும்? இங்கேயும் ஒண்ணைக் குறைச்சா மத்த ரெண்டும் புஸ்!

சுலபமா குறைக்கக்கூடியது வெளிச்சம். நம்ம ஊர் வெயில் நேரா விழுற ஜன்னலோரம் தொட்டிக்கு ஆகாது. பாசி மட்டுமில்ல, தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜனும் குறையும். லைட் ஆறுலேர்ந்து எட்டு மணி நேரம் போதும். காலேஜ் போறப்ப அணைச்சுட்டுப் போங்க.

தீனி, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு. பாவம் பார்த்து இன்னொரு சிட்டிகை போடுறீங்களே, அது பாசிக்குப் போடுற உரம்!

அடுத்து தண்ணி. குழாய்ல வர்ற அன்னிக்கு டிரம்மிலும் அண்டாவிலும் பிடிச்சு வெச்சு ஓட்டுற ஊர்ல, மொத்தத் தண்ணியையும் கொட்டுறது ஆடம்பரம் வேற. வாரம் ஒருமுறை நாலுல ஒரு பங்கு மாத்தினா போதும். வெயில்ல வத்துன அளவுக்கு மேல மேல ஊத்திட்டே இருந்தா உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கிடும், எடுத்துட்டுத்தான் ஊத்தணும். எடுத்த தண்ணியில ஃபில்டர் பஞ்சை அலசிட்டு, மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு விடுங்க. செடிக்கு அது டானிக். குளோரின் போட்ட தண்ணின்னா ஒரு ராத்திரி திறந்து வெச்சுட்டு ஊத்தணும். அவசரம்னா மீன் கடையில ஹைப்போ கேளுங்க. ஃபிலிம் கழுவுன காலத்துல போட்டோ ஸ்டூடியோவில புழங்கின அதே உப்புதான்.

புதுத் தொட்டியில பழுப்பா படியுறது டயாட்டம், தானா போயிடும். தண்ணியே பச்சையா மாறிட்டா மூணு நாள் போர்வை போட்டு இருட்டாக்குங்க. ஏர் பம்ப் ஓடிட்டே இருக்கணும், ஏன்னா இருட்டுல பாசியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். கரன்ட் கட் இருக்கிற வாரத்துல இந்த வேலை வேண்டாம். மயில்துத்தம் போடச் சொல்ற அண்ணன்கள் கிட்ட தள்ளியே நில்லுங்க. அது பாசியோட மீனையும் சேர்த்து அனுப்பிடும்.

''ஒரு சக்கர் மீன் போடுங்க தம்பி, கிளீன் பண்ணிடும்''பாங்க கடையில. சின்னதுலதான் அது பாசி தின்னும். அப்புறம் ஒரு அடிக்கு மேல வளர்ந்து, தின்னதைவிட அதிகமா கழிவு போடும். வெறுத்துப்போய்க் கண்மாயில விட்டுடாதீங்க ப்ளீஸ்! தென் அமெரிக்கா சரக்கு அது. கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலத்துல அது பெருகி, மீன் வளர்க்கிறவங்க பொழைப்பையே கெடுத்துச்சு.

இந்த விஷயத்துல நிஜ ஜப்பான்காரர்கிட்ட குட்டி ஜப்பான் ஒண்ணு கத்துக்கலாம். தாகாஷி அமானோ (1954 - 2015), செடித் தொட்டி அமைக்கிறதுல உலகப் புகழ் வாங்கினவர். பாசி மேய அவர் விட்டது சின்னஞ்சிறு இறால்களை. இன்னிக்கும் அதுக்குப் பேரு அமானோ இறால். கூடவே நிறைய உயிருள்ள செடி. பாசிக்குப் போற சாப்பாட்டைச் செடி பிடுங்கிக்கும். இறாலெல்லாம் கட்டுப்படியாகாதா? பிளாஸ்டிக் செடியைத் தூக்கிட்டு வேலம்பாசி ஒரு கொத்து போடுங்க. கோல்டு ஃபிஷ் கொஞ்சம் கடிக்கும், விடுங்க. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் காலாவதியான ஏடிஎம் கார்டால வழிச்சுடுங்க. பின்பக்கத்துல இருக்கிறது இருக்கட்டும்... மோலிகள் நாள் பூரா அதைத்தான் கொறிச்சுட்டுத் திரியும்!