குடல் கழுவும் மருந்து: குடிப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

மலத்தில் ரத்தம் போகிறது என்றால் நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் முதலில் எழும் பேச்சு மூலம்தான். களிம்பு, நாட்டு மருந்து, பத்தியம் என்று மாதங்கள் ஓடும். ஆள் மெலிந்து, ரத்தம் குறைந்த பிறகே ஒரு டாக்டர் ‘கேமரா விட்டுப் பார்த்துடலாம்’ என்று கொலனோஸ்கோபிக்கு எழுதித் தருவார். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும் குடல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஜெயங்கொண்டம், செந்துறை, வேப்பந்தட்டைக்காரர்கள் பலர் இன்றும் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறுகிறார்கள்.

போகிறவர்கள் டியூபை நினைத்துப் பயப்படுகிறார்கள். வலிக்குமா, மயக்க ஊசி உண்டா என்று துருவிக் கேட்கிறார்கள். முந்தின நாள் குடிக்க வேண்டிய மருந்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பாட்டி காலத்தில் விளக்கெண்ணெயும் நிலாவாரையும் கொடுத்து வயிறு கழுவிய பழக்கம் உள்ள ஊர் இது. ‘பேதி மருந்துதானே’ என்று மனது எளிதாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது எளிதாகவே முடிந்தும்விடுகிறது. எல்லோருக்கும் அப்படி முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பாக்கெட்டில் இருப்பது எது?

குடலைச் சுத்தம் செய்ய மூன்று வகை மருந்துகள் அதிகம் புழங்குகின்றன. முதலாவது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக். பெரிய பாக்கெட் பவுடர். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள், சில சமயம் நான்கு லிட்டர். இந்த மூலக்கூறு உருவத்தில் பெரியது, குடல் அதை உறிஞ்சுவதில்லை. தன்னோடு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே வெளியேறுகிறது. கூடவே சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளையும் அளந்து சேர்த்திருப்பதால், உடம்பிலிருந்து உப்பும் நீரும் பெரிதாக இழக்கப்படுவதில்லை, உள்ளே ஏறுவதும் இல்லை. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜான் ஃபோர்ட்ரானும் அவருடைய குழுவினரும் 1980-இல் வெளியிட்ட கலவை இதற்கு முன்னோடி. சிறுநீரகமும் இதயமும் பலவீனமாக உள்ளவர்களுக்கு இன்றும் டாக்டர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். அளவு அதிகம், சுவை உப்புக் கரிக்கும், குமட்டும், வயிறு உப்பும். இந்தத் தொல்லைகளுக்காக இதை ஒதுக்குவது சரியல்ல.

இரண்டாவது, சோடியம் பிகோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த சிறிய பொட்டலம். குடிப்பது சுலபம். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கும். சிலருக்குச் சோடியம் இறங்கி, குழப்பமும் வலிப்பும் வரலாம்.

மூன்றாவது சோடியம் பாஸ்பேட். சிறிய பாட்டிலாகக் கிடைக்கும். கொஞ்சம் குடித்தால் போதும் என்பதால் ஒரு காலத்தில் உலகமெங்கும் விரும்பப்பட்டது.

21 பேரின் சிறுநீரகங்கள்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளென் மார்கோவிட்ஸ் குழுவினர் 2000 முதல் 2004 வரை வந்த 7,349 சிறுநீரகத் திசு மாதிரிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 21 பேரின் சிறுநீரக நுண்குழாய்களில் கால்சியம் பாஸ்பேட் படிந்திருந்தது. 21 பேரும் கொலனோஸ்கோபிக்காகச் சோடியம் பாஸ்பேட் குடித்தவர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அவர்களுடைய ரத்தத்தில் அதற்கு முன்பு சராசரியாக 1.0 தான் இருந்தது, அதாவது இயல்பான அளவு. சிறுநீரகம் கெட்டது தெரியவந்தபோது சராசரி 3.9. நால்வர் நிரந்தர டயாலிசிஸுக்குப் போனார்கள். மற்ற 17 பேருக்கும் நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு தங்கிவிட்டது. இதை அவர்கள் 2005-இல் வெளியிட்டார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது ஒரு விவரம். பாதிப்பு வெளிப்படச் சுமார் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் பரிசோதனை முடிந்து, ரிப்போர்ட்டும் வாங்கி, எல்லோரும் மறந்திருப்பார்கள். காலில் வீக்கமும் சோர்வும் வரும்போது, போன மாதம் குடித்த பேதி மருந்தை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

2008 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. வயது 55-ஐத் தாண்டியவர், உடலில் நீர் வற்றியவர், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர், சில வகை பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்று சொன்னது. இந்த வரிசையில் நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேர் வந்துவிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வெயிலில் உழைக்கிற உடம்பு

அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையும், பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். எல்லாமே வெயிலில் நின்று செய்கிற வேலை. வியர்வையில் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பவர்கள் குறைவு. ஒதுங்க இடமில்லாத பெண்கள் வேண்டுமென்றே குறைத்துக் குடிக்கிறார்கள். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வேறு. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், சர்க்கரையும் பி.பி.யும் இல்லாதவர்களுக்கும் சிறுநீரக நோய் இருப்பது தெரியவந்தது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. இப்படிப்பட்ட உடம்புக்குச் சித்திரை, வைகாசியில் பேதி மருந்து கொடுக்கும்போது, கிரியேட்டினின் ஒருமுறை பார்த்துவிடுவது நியாயம். எளிய ரத்தப் பரிசோதனைதான். டாக்டர் எழுதவில்லை என்றாலும் நீங்களே கேட்கலாம்.

மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டுங்கள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெரிய உதவி. ஆனால் சாப்பிடுகிறவருக்குப் பெயர் தெரிவதில்லை. ‘வெள்ளை மாத்திரை, ஒரு சின்ன மாத்திரை’ என்பார். பெரிய ஊர் டாக்டருக்கு அது போதாது. வீட்டில் உள்ள அத்தனை அட்டைகளையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டுங்கள். அவர் தேடுவது இவற்றைத்தான்:

ஈனாலாப்ரில், லோசார்ட்டான் போன்ற பி.பி. மாத்திரைகளும் நீர் மாத்திரைகளும் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்குச் சுமை. அன்றைக்கு நிறுத்தலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும், சாப்பாடு இல்லாத நாளில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் தனி ரகம். பட்டினியோடு சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். அதனால் மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டாபாகிளிஃப்ளோசின் விலை 2020-க்குப் பிறகு நன்றாகக் குறைந்ததால் இப்போது பரவலாக எழுதப்படுகிறது. இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே விட வேண்டும். அது குடலில் கருப்பாக ஒட்டிக்கொண்டு, பார்ப்பதை மறைக்கும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் நேரத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பேதி மருந்து குடிக்கும் நேரத்தில் விழுங்கியது உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடிக்கிற இரவு

முந்தின நாள் கீரை, கேழ்வரகு, கொய்யா, எள் வேண்டாம். குழைந்த வெள்ளைச் சோறு, இட்லி போதும். மருந்து தொடங்கிய பின் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும்: வடிகட்டிய ரசம், பால் இல்லாத டீ, ஓ.ஆர்.எஸ். கரைசல். சிவப்பு நிறப் பானங்கள் ரத்தம் போலத் தெரியும் என்பதால் தவிர்க்க வேண்டும். இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. தாகத்துக்கு வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, சோடியம் இறங்கிவிடும்.

பவுடரைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் உட்கார்ந்தபடி குடியுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் விட்டுத் தொடரலாம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு வீட்டில் கொடுக்கவே வேண்டாம். மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். கழிவறை வீட்டுக்கு வெளியே இருந்தால் வழியில் விளக்கு எரியட்டும், ஒருவர் விழித்திருக்கட்டும். நீர் வற்றித் தலைசுற்றும் பெரியவர் இருட்டில் அவசரமாக எழுந்து ஓடி இடுப்பெலும்பு முறிந்தால், வந்த நோயைவிட அது பெரிதாகிவிடும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

வயிறு கல்லாக வீங்கி, காற்றும் மலமும் போகாமல் வாந்தி எடுப்பவர் மருந்தைத் தொடங்கவே கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கலாம். குடித்த பின் விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, புதிதாக ரத்தம், மயக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, நெஞ்சு வலி, அரை நாளாகச் சிறுநீரே வராமை, உடம்பில் தடிப்போடு மூச்சுத் திணறல் என எது வந்தாலும் மீதி மருந்தைக் கீழே வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். பாக்கெட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

பஸ் நேரமும் மருந்து நேரமும்

குடல் நன்றாகச் சுத்தமாவது, மருந்தைப் பாதி முந்தின மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடித்தால்தான். அதையும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே குடித்து முடிக்க வேண்டும். திருச்சியில் காலை எட்டு மணிக்குப் பரிசோதனை என்றால் ஜெயங்கொண்டத்துக்காரர் இரண்டாம் பாதியை எங்கே குடிப்பது? பஸ்ஸில் கழிவறை இல்லை. பலர் முழுவதையும் முதல் நாளே குடித்துவிட்டு வருகிறார்கள். அல்லது பாதியைக் கொட்டிவிட்டு வருகிறார்கள். குடல் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த உடம்பு இன்னொரு முறை பேதிக்கு ஆளாக வேண்டும்.

இதைத் தீர்ப்பது நோயாளியின் கையில் மட்டும் இல்லை. தொலைவிலிருந்து வருபவருக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் நேரம் கொடுக்கலாம். வயதானவரையும் சிறுநீரகம் பலவீனமானவரையும் முதல் நாளே சேர்த்துக்கொண்டு, நர்ஸ் கண்பார்வையில் குடிக்க வைக்கலாம். எந்த மருந்து, எத்தனை மணிக்கு எத்தனை டம்ளர், எந்த மாத்திரை வேண்டாம் என்று தமிழில் எழுதிய ஒரு தாள் கொடுக்கலாம். தேதி வாங்கும்போது இந்த மூன்றையும் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. மருந்துச் சீட்டில் ‘பாஸ்பேட்’ என்று இருந்தால், ‘எனக்கு 60 வயசு, பி.பி. மாத்திரை சாப்பிடுறேன், வேற மருந்து தர முடியுமா டாக்டர்?’ என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.