பொத்தான் செய்து பிழைத்தவர்... கிண்ணங்களால் உலகை ஈர்த்தவர்!

இரண்டாம் உலகப் போர் காலம். லண்டன் ஹைட் பார்க் அருகே ஒரு சின்னஞ்சிறு வீடு. தரைத்தளத்தில் உட்கார்ந்து பீங்கானில் கோட்டுப் பொத்தான்கள் செய்துகொண்டிருக்கிறார் ஒரு பெண். சில ஆண்டுகளுக்கு முன்பு, 1937-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய கலைஞர் அவர் என்றால் நம்ப முடிகிறதா?

பெயர் லூசி ரீ. 1902-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா டாக்டர். வசதியான யூதக் குடும்பம். கலைக் கல்லூரியில் குயவர் சக்கரத்தைப் பார்த்ததுமே மனசைப் பறிகொடுத்தார். ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றிய 1938-ல் எல்லாம் தலைகீழானது. கணவரோடு லண்டன் வந்தார். கணவர் அமெரிக்கா போய்விட, லூசி இங்கேயே தங்கிவிட்டார்.

புது ஊரில் அவரை யாருக்கும் தெரியாது. அப்போது இங்கிலாந்துக் குயவர்களுக்கெல்லாம் குரு பெர்னார்டு லீச். ஜப்பானில் தொழில் கற்று வந்தவர். கனமான, மண்வாசனை வீசும் பானைகளே அவருக்குப் பிடிக்கும். லூசியின் பாத்திரங்கள் ரொம்ப மெல்லியவை என்று குறை சொன்னார். லூசியும் அவர் வழியில் தடிமனாகச் செய்து பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை.

இந்த நேரத்தில்தான், 1946-ல், வேலை கேட்டு வந்தார் ஹான்ஸ் கோப்பர். அவரும் அகதி, மண்பாண்டம் பற்றி எதுவுமே தெரியாது. பொத்தான் செய்யச் சேர்ந்தவர், சீக்கிரமே சக்கரத்தில் கை தேர்ந்தார். ‘யாரையும் பின்பற்றாதீர்கள், உங்கள் பாணியிலேயே செய்யுங்கள்’ என்று லூசிக்குத் தைரியம் தந்தவர் அவர்தான். லீச்சுடனான நட்பும் கடைசிவரை முறியவில்லை என்பது ஆச்சர்யம்!

பொத்தான் வேலையும் வீண்போகவில்லை. துணியின் நிறத்துக்குப் பொருந்த வேண்டுமே! அதற்காக விதவிதமான கிளேஸ் கலவைகளைச் செய்து பார்த்த அனுபவம், பின்னாளில் கிண்ணங்களில் மஞ்சளாக, இளஞ்சிவப்பாக, வெண்கல நிறமாக மின்னியது. வழக்கமாகப் பாத்திரத்தை ஒருமுறை சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சுடுவார்கள். லூசியோ காய்ந்த பச்சை மண் மீதே தூரிகையால் பூசி, மின்சூளையில் ஒரே முறை சுட்டுவிடுவார். கொஞ்சம் ஈரம் கூடினாலும் பச்சை மண் ஊறி உடைந்துவிடும். துணிச்சல்காரிதான்!

1948-ல் ஏவ்பரி அருங்காட்சியகத்துக்குப் போனார். பல ஆயிரம் ஆண்டு பழைய பானைகளில் கீறப்பட்ட கோடுகள். பக்கத்திலேயே பறவை எலும்புகள். அந்த எலும்பால்தான் கீறியிருப்பார்களோ என்று தோன்றியது. வீடு திரும்பி ஊசியை எடுத்தார். கறுப்புப் பூச்சில் முடி போன்ற மெல்லிய வெள்ளைக் கோடுகள் பிறந்தன. இன்றும் லூசி என்றதும் ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது இந்தக் கோடுகள்தான்.

1990-ல் பக்கவாதம் வரும்வரை அதே வீட்டில்தான் வேலை செய்தார். 1991-ல் பிரிட்டன் அரசு ‘டேம்’ பட்டம் தந்தது. 1995-ல் 93 வயதில் மறைந்தார்.

அந்தப் பொத்தான்கள் என்ன ஆயின? ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே கண்ணில் பட்டன. 1989-ல் தன் புதிய ஆடைகளில் அவற்றைத் தைத்து மேடையேற்றினார் அவர்!