பேயும் பகடியும்: சில குறிப்புகள்

பகடி என்றாலே அது அதிகாரத்துக்கு எதிரானது என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். பக்தினின் திருவிழாச் சிரிப்பு அறிமுகமான பிறகு இந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. பேய்க்கதைகளைக் கிண்டலடிக்கும் சில பிரதிகளை வைத்து அதைப் பேசிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் அக்டோபர் 31 ஹாலோவீன். நம்ம டிவிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டிமன்றமும் நட்சத்திரப் பேட்டியும் போடுகிற மாதிரி, அங்கே பேய்ச் சிறப்பு நிகழ்ச்சிகள் போடுகிறார்கள். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் 1990 முதல் ஆண்டுதோறும் 'ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்' என்ற பெயரில் பிரபலப் படங்களையும் கதைகளையும் பகடி செய்துவருகிறது. 1993-இல் வந்த பகுதியில், முந்தைய ஆண்டு கொப்போலா எடுத்த டிராகுலா படம் மாட்டிக்கொண்டது. இங்கே டிராகுலா யார் தெரியுமா? அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ். ஊரின் ரத்த வங்கியையே விலைக்கு வாங்கிவிடுகிறார். உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் ரத்தக்காட்டேரி என்று மூலதனத்தை மார்க்ஸ் சொன்னது, கார்ட்டூனாகவே நடமாடுகிறது.

ஆனால் முடிவைப் பாருங்கள். முதலாளியைக் கொன்ற பிறகும் சாபம் தீரவில்லை. தலைமைக் காட்டேரி அவரல்ல, வீட்டு அம்மா மார்ஜ். வீட்டுக்கு வெளியேயும் தனக்கொரு வாழ்க்கை உண்டு என்கிறாள். சிரிப்பு வருகிறது. சிரித்த மாத்திரத்தில் குற்றம் ஆலையிலிருந்து அடுப்பங்கரைக்கு இடம் மாறிவிடுகிறது. அடுத்த நொடியே எல்லோரும் சேர்ந்து பாட, 1965-இன் சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் கார்ட்டூனுக்கு இன்னொரு பகடி. பகடிமேல் பகடி ஏற ஏற, ரத்தம் போன கணக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா' கேலி செய்தது கதாநாயகப் பிம்பத்தை: பஞ்ச் வசனத்தை, ஸ்லோமோஷன் நடையை. ஆளுயரக் கட்அவுட் வைக்கிற ஊரில் அது சின்ன விஷயமில்லை. அதே ராம்பாலா, அதில் வளர்ந்த சந்தானத்தை வைத்து 2016-இல் 'தில்லுக்கு துட்டு' எடுத்தார். போலிப் பேய் ஏற்பாடு செய்கிறவர்கள் நிஜப் பேயிடம் மாட்டிக்கொள்ளும் கதை. இங்கே பேய் முந்தைய பேய்ப்படங்களின் மேற்கோளாக மட்டுமே வருகிறது. அதற்கென்று தீராத வழக்கு ஏதும் பார்வையாளன் மனசில் தங்குவதில்லை.

லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) இன்னும் சிக்கலானது. அங்கே பேய், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலம் அது. பறித்தவன் எம்.எல்.ஏ. வழக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் முதல் பாதியில் தியேட்டர் சிரிப்பது ஆண் உடம்பில் தெரியும் பெண் நளினத்தைப் பார்த்து. எந்த நளினத்துக்காகச் சமூகம் அவளைத் துரத்தியதோ, அதையே நாமும் சிரித்துவிட்டுப் பிறகு அவளுக்காக அழுகிறோம்.

நம் மரபில் பேய்கள் வழக்கோடுதான் வந்தன. கழுவேற்றப்பட்ட காத்தவராயன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் எல்லோரும் கொலையுண்டு சாமியானவர்கள். சிரிப்பும் இருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் மெலட்டூர் பாகவத மேளாவில் முதலில் கோணங்கி வந்து ஆடுவான். பிறகுதான் நாடகம். விடியும் நேரத்தில் நரசிம்மர் முகமூடி. கோணங்கியின் சிரிப்பு பயத்துக்கு வழி விடுகிறது, அதைத் தின்றுவிடுவதில்லை. மரபைத் தூக்கிப்பிடிக்க இதைச் சொல்லவில்லை. அந்த மேடையில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுகிறார்கள், அது ஒரு சாதியின் கலை என்பதும் தெரிந்ததுதான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பகடியை அளக்க ஒரே கேள்வி போதும்: சிரித்து முடித்த பிறகு பேயின் வழக்கு மிச்சம் இருக்கிறதா, தள்ளுபடியாகிவிட்டதா? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது இதே காவிரி மண்ணில்தான். வழக்கில் மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கூலி கேட்டுச் செத்தவர்கள் பேயாக வந்தால் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? அந்தக் கதவைக் காட்டுகிற கோணங்கிதான் நமக்கு வேண்டும்.